‘கை’ என்று நான் சொல்லாத ஆறு வாரம்

எனக்குப் பொறாமை அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பெண் புதுச் செருப்பு போட்டால் எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் இனிமேல்தான் வருகிறது.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் எடை தூக்கப் போனேன். திருவொற்றியூரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கடலுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு தகர ஷெட். முன்பு மீனுக்கு ஐஸ் அடுக்கி வைத்த இடம். நிலக்கரி இறக்கும் துறையில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டை வெட்டித் தரையில் விரித்திருந்தார்கள். தூக்கிய எடையை அதன் மேல்தான் போடுவோம். உப்புக் காற்றில், எடை மாட்டும் இரும்பு ராடு ஒரே வாரத்தில் துரு பிடித்துவிடும் என்பதால், முதலில் வருகிறவர் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு. எப்போதும் முதலில் வருவது நான். ஸ்கூட்டர் வைத்திருக்கிறவள் சாவகாசமாக வருவாள்.

ஸ்கூட்டர் வைத்திருந்தவள் என் தோழி. ராயபுரத்தில் அவள் அப்பாவுக்கு மளிகை மொத்த வியாபாரம். தெற்கிலிருந்து வந்த குடும்பம். அவள் பிறந்து வளர்ந்தது இங்கேதான் என்றாலும் வாயைத் திறந்தால் வீட்டுப் பேச்சுதான் வரும். எங்கள் பேச்சைப் பேசிக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தால் ஷெட்டே சிரிக்கும். என் அப்பா எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் இருவருக்கும் ஒரே வயது, ஒரே எடைப் பிரிவு. வேறு எதிலும் ஒற்றுமை கிடையாது.

அவள் ஷூவைப் பார்த்து எனக்குப் பொறாமை. குதிகால் உயர்ந்த, எடை தூக்குவதற்கென்றே செய்த ஷூ அது. நான் கேன்வாஸ் ஷூ போட்டு, குதிகாலுக்கு அடியில் பிளைவுட் துண்டை வைத்துக்கொண்டு சமாளித்தேன். அவள் டப்பாவில் தினமும் ஆறு அவித்த முட்டை இருக்கும். அதில் மூன்றை எனக்குக் கொடுத்துவிடுவாள். அதற்கும் பொறாமைதான். கொடுக்கிற இடத்தில் அவள் இருக்கிறாள், வாங்கித் தின்கிற இடத்தில் நான் இருக்கிறேனே என்று. தின்னாமல் விட்டதில்லை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு அக்கா. ஒரு காலத்தில் நன்றாகத் தூக்கியவர். அதை வைத்தே பெரம்பூரில் ரயில் பெட்டிப் பட்டறையில் வேலை வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் நாங்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ராடைத் தரையிலிருந்து இழுத்து ஒரே வீச்சில் தோளுக்கு ஏற்றுவதற்குக் கிளீன் என்று பெயர். பார்க்கிறவர்கள் அதைக் கை பலம் என்று நினைப்பார்கள். அக்கா அதைத்தான் முதலில் அடித்து நொறுக்குவார். தரையிலிருந்து முழங்கால் தாண்டும்வரை பொறுமையாக வர வேண்டும். ராடு தொடையை உரசும் இடத்தில்தான் வெடிக்க வேண்டும். இடுப்பும் முட்டியும் கணுக்காலும் ஒன்றாக நிமிர்ந்து, ஆளே தரையை விட்டுக் குதிப்பது மாதிரி. அந்த ஒரு நொடிக்கு ராடுக்கு எடையே இருக்காது. அதற்குள் அதன் அடியில் புகுந்துவிட வேண்டும்.

“எங்க ஷாப்புல கிரேன் கீதுல்ல, அதுல சங்கிலி இன்னா பண்ணுது? சும்மா தொங்கிகினு கீது. தூக்குறது மோட்டாரு. ஒன் இடுப்புதான் மோட்டாரு. கை வெறும் சங்கிலி. நீ பாட்டுக்கு அவசரப்பட்டு கைய மடக்கினா மோட்டாரோட பவரு அத்தினியும் முட்டியிலயே பூடும்.”

ஆனால் கை மடங்கும். எல்லோருக்கும் மடங்கும். எடை கூடக் கூடப் பயம் வரும், பயம் வந்தால் கை தானாக உதவிக்கு வரும். அதற்கு அக்கா ஒரு முறை வைத்திருந்தார். ஒருத்தி இழுக்கும்போது இன்னொருத்தி சற்று ஓரமாக நின்று முழங்கையைப் பார்க்க வேண்டும். சீக்கிரம் மடங்கினால் “கை” என்று ஒரே ஒரு சொல். மடங்கவில்லையா, ஒன்றும் சொல்லக் கூடாது. “பாராட்டுல்லாம் கெடியாது. கம்முனு இருந்தா கரீட்டுன்னு அர்த்தம்.”

ஒரு வருடம் அப்படியே போனது. என் கை சீக்கிரமே அடங்கிவிட்டது. அவள் கைதான் அடங்கவில்லை. ஒரு நாளைக்கு முப்பது தடவை இழுத்தால் இருபது தடவை “கை” என்பேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி குனிவாள். அவள் தொடையும் இடுப்பும் எனக்கு இருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்று தோன்றும். அவ்வளவு பலம். இருந்தும் எடையில் நான் எப்போதும் இரண்டு கிலோவாவது முன்னால் இருந்தேன். அந்த இரண்டு கிலோதான் எனக்குச் சோறு இறங்க வைத்தது.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. ஒரு அரசு நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். எங்கள் எடைப் பிரிவில் ஒரே ஒரு இடம். ஆறு வாரத்தில் தேர்வு. என் அப்பாவிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து எனக்கும் தினமும் இரண்டு முட்டை வந்தது.

அவள் ஷெட்டில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: “எங்கப்பா மாப்ள பாத்தாச்சுட்டி. இந்த வேலை கெடச்சா ரெண்டு வருசம் விடுதேன்னு சொல்லியிருக்காவ. கெடைக்கலன்னா தை மாசம் கல்யாணம்.”

நான் “சர்தான்” என்றேன். மனதுக்குள் என்ன நினைத்தேன் என்றால், உனக்கு இந்த வேலை கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை கிடைப்பான், எனக்கு என்ன கிடைக்கும் என்று. அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வாரமே அக்கா பிரசவத்துக்குத் தாய் வீடு போய்விட்டார். போகும்போது, “நீ அவள பாரு, அவ ஒன்ன பாக்கட்டும், அது போதும்” என்று என் தோளில் தட்டினார்.

அக்கா போன மறுநாள் காலை. அவள் குனிந்து ராடைப் பிடித்தாள். இழுத்தாள். தொடைக்கு வருவதற்கு முன்பே இரண்டு முழங்கையும் மடங்கின. நன்றாகத் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

அவள் எடையைப் போட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். “என்னட்டி, சரியாயிட்டா?”

நான் தலையை ஆட்டினேன்.

வாயை மூடியதைக்கூட எப்படியாவது மன்னித்துக்கொள்ளலாம். தலையை ஆட்டியதற்கு என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. அதுவும் நிஜம்.

அடுத்த நாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. ஒரு நாள் அவள் போனை என் கையில் கொடுத்து, “வீடியோ எடுட்டி, நானும் பாக்கேன்” என்றாள். நேர் பக்கவாட்டில் போய் உட்கார்ந்து எடுத்தேன். அங்கிருந்து எடுத்தால் ராடில் மாட்டிய பிளேட் கையை மறைத்துக்கொள்ளும், முழங்கை தெரியாது. எனக்கு அது தெரியும். அவள் அந்த வீடியோவை மூன்று தடவை போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

நான் இழுக்கும்போது மட்டும் அவள் தன் வேலையை ஒழுங்காகச் செய்தாள். “கை” என்பாள். தேர்வு நெருங்க நெருங்க அதிகமாகச் சொன்னாள். என் கை மடங்கவே மடங்காது, பொய் சொல்கிறாள், என்னைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். நான் செய்வதையே அவளும் செய்வாள் என்று நினைத்தேன். ஒரு நாள் சண்டையே போட்டேன்.

“இன்னாடீ சும்மா கை, கைன்ற? எங்க மடங்குச்சு?”

“மடங்குச்சுட்டி. லேசாத்தான். நான் ஏன் பொய் சொல்லப் போறேன்?”

அன்று அவள் கொடுத்த முட்டையை நான் தின்னவில்லை. அவள் அதைக் காகிதத்தில் சுற்றி என் பையில் வைத்துவிட்டாள்.

இதற்கிடையில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். அவள் ராடு வேகமாகப் போக ஆரம்பித்திருந்தது. தொடையிலிருந்து கிளம்பும்போது பிளேட்டுகள் ‘சளார்’ என்று குலுங்கும் சத்தம் ஷெட்டுக்கு வெளியே கேட்டது. வலை பின்ன வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கை மடங்கத்தான் செய்தது. ஆனால் முன்பு மாதிரி உதட்டைக் கடிப்பதில்லை, குனிந்து யோசிப்பதில்லை. பிடித்தாள், குதித்தாள், அவ்வளவுதான். இதெல்லாம் சின்ன எடையில் நடக்கும், தேர்வில் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தேர்வு நகரத்துக்குள் ஒரு உள் அரங்கில் நடந்தது. இரண்டு வகை தூக்கு, இரண்டையும் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் வகையில் நான் அவளைவிட இரண்டு கிலோ முன்னால். மற்ற பெண்கள் யாரும் எங்கள் கிட்டே இல்லை. இரண்டாவதில், கிளீன் செய்து தலைக்கு மேல் ஏற்றுவதில், என் இரண்டாவது முயற்சி சுத்தமாக முடிந்தது. மூன்றாவதற்கு இரண்டு கிலோ கூட்டிக் கேட்டேன். அதைத் தூக்கியிருந்தால் அவளுக்கு வழியே இல்லை.

குனிந்து ராடைப் பிடித்தேன். காதுக்குள் “கை” என்று கேட்டது. அவள் குரல்தான். அவள் அந்த நேரம் உள்ளே வார்ம் அப் செய்துகொண்டிருந்தாள். கை மடங்கக் கூடாது, மடங்கக் கூடாது என்று கையையே நினைத்துக்கொண்டு இழுத்ததில் இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. ராடு வயிறு வரை வந்துவிட்டுக் கீழே போனது.

அடுத்து அவளுடைய கடைசி முயற்சி. நான் தூக்கியதைவிட மூன்று கிலோ அதிகம் போடச் சொன்னாள். தூக்கினால் மொத்தத்தில் ஒரு கிலோ முன்னால் போய்விடுவாள். மேடைக்கு வந்து, குனிவதற்கு முன்னால், ஓரத்தில் என்னைத் தேடினாள். நான் நின்றிருந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, விழுந்து தொலை, விழுந்து தொலை என்று வேண்டிக்கொண்டு நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குனிந்தாள்.

கை மடங்கியது. ஆனாலும் ராடு பறந்தது. தலைக்கு மேல் ஏற்றி, கால்களைச் சேர்த்து, அசையாமல் நின்றாள். நடுவர்களின் மூன்று விளக்கும் வெள்ளை. தூக்கியது செல்லும்.

நான் அழுதேன். தோழிக்காகச் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஒரு அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

வேலை உத்தரவு வந்ததும் அவள் ஷெட்டுக்கு மைசூர்பாகு கொண்டுவந்தாள். அக்காவும் கைக்குழந்தையோடு வந்திருந்தார். அவர் கேட்டார், “எப்டிமே ஒன் கை சரியாச்சு?”

“எங்க சரியாச்சு. எல்லாம் இவளாலதான் அக்கா,” என்று என்னைக் காட்டினாள். “வருசம் பூரா கை, கைன்னு கேட்டுக் கேட்டு, ராடத் தொட்டாலே எனக்கு வெறச்சுப் போவும். நீங்க போன மறுநாளே இவ நிப்பாட்டிட்டா. சரியாயிட்டான்னு கேட்டேன், தலைய ஆட்டுனா. அன்னைக்கே எனக்குப் பயம் போச்சு. அப்புறம் கையப் பத்தி நெனைக்கவே இல்ல. குதிக்கத மட்டும் நெனச்சேன். நடுவுல ஒருநா எனக்கே தெரிஞ்சுது, கை மடங்கத்தான் செய்யுதுன்னு. அப்பவும் இவ வாயத் திறக்கல. எனக்காவத்தான் சும்மா இருக்கான்னு புரிஞ்சுக்கிட்டேன்.”

ஷெட்டில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, “எனுக்கே இது தோணலியே. நீ கோச்சா பூடு மே” என்றார். வாய்ப் பேச்சோடு விடவில்லை. தெரிந்த ஜிம்மில் என்னைப் பற்றிச் சொல்லி வைத்தார். என் கையில் மைசூர்பாகு உருகிக்கொண்டிருந்தது. அதைத் தின்றேன்.

அவள் கிளம்பும்போது வாசல்வரை போனேன். இதை உள்ளே வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது என்று தோன்றியது. ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“இத கேளு. ஒனக்காவல்லாம் நான் கம்முனு இருக்கல. பொறாமடீ. நீ தோக்கணும்னுதான் சொல்லாம வுட்டேன்.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“போ ட்டி. பொறாமைக்காரி சும்மா இருப்பாளா? நூறு கொற சொல்லுவா. எங்க பெரியம்மா இருக்காவல்லா, என்ன செஞ்சாலும் நொட்டை சொல்லுவாவ, அதுதான் பொறாமை.” என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது நான் கொடுங்கையூர்ப் பக்கம், புதிதாக அடுக்குமாடி வந்த இடத்தில், ஒரு ஜிம்மில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வீட்டுக்காரிகள், டீச்சர்கள், இடுப்பு வலிக்காரிகள். வெறும் ராடை வைத்துக் குதித்து இழுக்கக் கற்றுக்கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு நூறு தடவை “கை” என்கிறேன். எனக்குப் பொறுமை அதிகம் என்று அங்கே பெயர்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்த நிறுவனத்துக்காகப் போட்டிகளுக்குப் போகிறாள். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் எனக்கு போன் வரும். “நீ வந்து பேசாம நில்லுட்டி, அது போதும்” என்பாள். லீவு போட்டுவிட்டுப் போகிறேன். அவள் உடையில் நிறுவனத்தின் பெயர் தைத்திருக்கும். அதைப் பார்த்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. மேடை ஓரத்தில், அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்கிறேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுத்தான் குனிவாள். இழுக்கும்போது கை கொஞ்சம் மடங்குகிறது. இப்போது அவளுக்குப் பயம் போய்விட்டது, எடுத்துச் சொன்னால் தாங்கிக்கொள்வாள். அதை மட்டும் சரி செய்தால் இன்னும் ஐந்து கிலோ தூக்குவாள்.

நான் சொல்வதில்லை.