இராசம்மா படித்த உடம்பு

1973 மழைக்காலத்தில் ஒருநாள் இராசம்மா தன் கணவன் இருளப்பனைத் தேயிலைத் தோட்டத்து லோரியில் ஏற்றி மலேசிய மலையூரான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவனுக்கு விடாத காய்ச்சல். மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். மிஸ்ஸி என்று எல்லாரும் அழைக்கும் மலாய் நர்ஸ், என்ன செய்கிறது என்று கேட்டாள். ரேடியோவில் கேட்ட மலாய்ப் பாட்டுகளை வைத்து 'ஹாத்தி' என்றால் நெஞ்சு என்று நினைத்திருந்த இராசம்மா, "சாக்கிட் ஹாத்தி" என்றாள்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நெஞ்சுவலி என்று நினைத்து அவள் சொன்னதற்கு மலாயில் மனத்தாங்கல் என்று பொருள். மிஸ்ஸியும் சிரித்தபடி, "பொண்டாட்டி மேல கோபமா?" என்று இருளப்பனை மலாயில் கேட்டாள். அவன் பதில் சொல்ல வாயெடுத்து இருமத் தொடங்கினான். அந்த இருமலைக் கேட்டதும் மிஸ்ஸியின் சிரிப்பு நின்றது. நுரையீரலில் சளி கட்டியிருந்தது. உள்ளே படுக்கவைத்து ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டான்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அந்த மிஸ்ஸி இராசம்மாவை அழைத்தாள். தன் உடம்பையே தொட்டுக் காட்டினாள். இருதயம் ஜந்தோங். நுரையீரல் பாரு-பாரு. பிறகு வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து, "இதுதான் ஹாத்தி" என்றாள். அது ஈரல்! இராசம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அந்த நாள் அவளை விடவில்லை. கொழுந்து நிறுத்துப் போட்டதும் தோட்டத்து மருந்தகத்துக்குப் போய்ச் சுவரில் இருந்த மனித உடம்புப் படத்தின் முன் நிற்கத் தொடங்கினாள். அங்கே மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சாம்பசிவம் அவளைவிட இளையவர்.

"உங்களுக்கு இது எதுக்குக்கா?"

"எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாம நின்னேன் சார். இன்னொரு தடவ அப்படி நிக்க மாட்டேன்."

அவர் படத்தில் இருந்த இங்கிலீஷ் பெயர்களைத் தமிழில் சொல்லி, எது கெட்டால் எங்கே எப்படி வலிக்கும் என்றும் காட்டினார். "பேரு ஐட்டிஸ்னு முடிஞ்சா அந்த இடம் அழற்சியாகி வீங்கிருக்குன்னு அர்த்தம்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டாள். ஓயாமல் பேசும் நாத்தனாருக்கு 'நாக்கைட்டிஸ்' என்று அவள் சொன்னது தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கப் பரவியது. முனியாண்டி கோயில் பூசைக்கு ஆடு வெட்டியபோது, சட்டிக்குப் போகுமுன் எல்லாவற்றையும் வாழையிலையில் பரப்பிப் பார்த்தாள். வறுத்துத் தின்னும் சுவரொட்டிதான் மண்ணீரல் என்று அன்று தெரிந்தது. "சட்டி காஞ்சு போவுது லா!" என்று இருளப்பன் கத்தினான்.

ஐந்தாறு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்து வீட்டுச் செல்லம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். டிரஸ்ஸர் ஊரில் இல்லை. சுளுக்கு எடுப்பதில் பேர்போன காளியம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டாள்.

"குடலேத்தம்தான். நல்லா அமுக்கி இழுத்தா சரியாயிரும்."

இராசம்மா செல்லத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மொதல்ல எங்க வலிச்சுச்சு?"

"தொப்புள சுத்தி. இப்ப இங்க." செல்லம் வலப்பக்க அடிவயிற்றைக் காட்டினாள். உடம்பு கொதித்தது. இரண்டு தரம் வாந்தி எடுத்திருந்தாள்.

இராசம்மா கிண்ணத்தின் மேல் கையை வைத்து மூடினாள். "வேணாங்க்கா. இது குடல்வாலா இருக்கும். அமுக்குனா உள்ளயே வெடிச்சிரும்."

"எத்தன வயித்த நான் பாத்திருக்கேன், நீ எனக்குச் சொல்றியா?"

"நான் சொல்றது தப்பா இருந்தா திரும்பி வந்து நீங்களே இழுங்க. இப்ப ஆஸ்பத்திரி போலாம்."

காளியம்மா முறைத்தாள். ஆனால் லோரி வந்தபோது முதலில் ஏறி, செல்லத்தின் தலையை மடியில் வாங்கிக்கொண்டவள் அவள்தான். மலைப்பாதை வளைவுகளில் வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இராசம்மா திணறவில்லை. வலி தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கியதையும் வாந்தியையும் காய்ச்சலையும் மலாயில் வரிசையாகச் சொன்னாள். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். உடனே ஆம்புலன்சில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அன்றே அறுவை செய்து குடல்வாலை எடுத்துவிட்டார்கள். செல்லம் மெலிந்து, ஆனால் நடந்தே, லயத்துக்குத் திரும்பினாள்.

அடுத்த வருஷம் மருந்தகத்தில் ஆயா வேலைக்கு ஆள் தேடியபோது சாம்பசிவம் இராசம்மாவின் பேரைச் சொன்னார். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வெள்ளைச் சேலையில் அவள் முதல் நாள் வந்தபோது வாசலில் காளியம்மா நின்றிருந்தாள்.

"சுளுக்கா வந்தா நான் பாத்துக்குவேன். வயித்த இனி தொட மாட்டேன்" என்றாள். பிறகு உள்ளே வந்து படத்தை வெகுநேரம் பார்த்தாள். "புள்ள எங்க இருக்கும்?"

இராசம்மா காட்டினாள்.

"இத்தனூண்டு எடத்துலயா? நான் பெத்ததெல்லாம் இதுக்குள்ளயா கெடந்துச்சு?"

"கைப்பிடி அளவுதாங்க்கா. புள்ள வளர வளர அதுவும் விரியும்."

காளியம்மா படத்தில் அந்த இடத்தின் மேல் உள்ளங்கையை மெல்ல வைத்தாள். பிறகு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, தலையிலேருந்து ஆரம்பிச்சுச் சொல்லு."