கன்னத்தில் வைத்த கை

விசிலை உதட்டில் கவ்விக்கொண்டு ஓடுகிறவருக்கு மூச்சு வர ஒரே வழி மூக்குதான். ஒரு டிரில் டீச்சருக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அந்த வழி அடைபட்ட பிறகுதான் தெரிந்தது.

கொடைக்கானலில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் எழுபதுகளின் நடுவில் உடற்பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்தேன். காலையில் பிள்ளைகளை ஏரிப் பாதையில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஏரியை விட்டுப் பாதை பள்ளிக்கு ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு பேரிக்காய் மரம் உண்டு. அங்கே வரும்போது என் வலது நாசி உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு வேகமாக இழுக்கிறேனோ அவ்வளவு இறுக்கமாக ஒட்டும். மெதுவாக இழுத்தால் காற்று வரும்தான். ஆனால் ஏற்றத்தில் ஓடுகிறவளால் மெதுவாக இழுக்க முடியுமா?

விசிலை எடுத்துவிட்டு வாயைப் பிளப்பேன். கொஞ்சம் மூச்சு வந்ததும் "நில்! வரிசை!" என்று அதட்டி, ஏதோ வரிசையைச் சரிபார்க்கிறவள்போல நடப்பேன். நாளடைவில் அந்த மரம் வந்தாலே பிள்ளைகள் தாமாக நிற்கப் பழகிவிட்டார்கள்.

மலையில் மூக்கு அடைத்தால் யாரும் டாக்டரைத் தேடுவதில்லை. குளிர் என்பார்கள். கைக்குட்டையில் நாலு சொட்டு யூகலிப்டஸ் தைலம் விடுவார்கள். நானும் விட்டேன். தைலம் ஜில்லென்று ஏறும்போது மூக்கு திறந்துவிட்டது போலவே இருக்கும். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இன்னும் தைலப் புட்டியோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். குளுமை வேறு, காற்று வேறு.

என் கணவர் அருள் தபால் நிலையத்தில் வேலை பார்த்தார். அவருடைய அம்மா, என் அத்தை, கீழே வத்தலக்குண்டில் இருந்தார். அத்தையிடம் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு தயாராக இருக்கும்.

"ஒனக்கு மல ஒத்துக்கலத்தா. லீவுக்குக் கீழ எறங்கி வா. இந்த வெயில்ல பத்து நாள் கெடந்தா சளியெல்லாம் உருகி ஓடிரும்."

போய்க் கிடந்தேன். வேர்வைதான் ஓடியது. மூக்கு மலையில் இருந்தபடியே இருந்தது. வியாதி குளிரில் இல்லை என்பது அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அந்த லீவில் அத்தைக்கும் எனக்கும் இன்னொரு தகராறு. சும்மா உட்கார்ந்தால் என் வலது கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும். அத்தைக்குப் பொறுக்காது.

"கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதும்பாங்க. இங்க என்ன கவுந்துபோச்சு? எடு கைய."

என்னையும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். கன்னத்தில் கை வைத்தால் வீட்டுக்கு ஆகாது. எடுத்துவிடுவேன். எடுத்ததும் ஏனோ உடம்பெல்லாம் ஒரு எரிச்சல் வரும். மாமியார்மேல் மருமகளுக்கு வருகிற வழக்கமான எரிச்சல் என்றே நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் விளையாட்டு விழாவில் மானம் போனது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் டிரில் நடந்துகொண்டிருக்கும்போது விசிலை எடுத்துவிட்டு வாய் பிளந்து நின்றேன். திரும்பச் சொல்லி விசில் வரவில்லை. இரண்டு வரிசைகள் நேருக்கு நேர் போய் முட்டிக்கொண்டன. மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, உடம்பைப் பாத்துக்கோங்க. ஒரு வருஷம் பாப்போம். இல்லைன்னா தையல் கிளாஸ் எடுத்துக்கோங்களேன்."

அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் அழுகை வந்தது. தையல் தாழ்வான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் ஓடப் பிறந்தவள். ஓட்டத்தை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

மதுரையில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தோம். நடுச்சுவர் (இரண்டு நாசிகளையும் பிரிக்கும் தடுப்பு) வளைந்திருக்கிறது என்றார். கல்லூரி நாட்களில் த்ரோபால் பந்து முகத்தில் பட்ட கதையைச் சொன்னேன். அறுவை செய்து சுவரை நேராக்கினார். படுக்கும்போது கொஞ்சம் சுகமாக இருந்தது. பேரி மரத்தடியில் பழைய கதைதான்.

திரும்பப் போனேன். இடுக்கி போன்ற ஒரு கருவியால் நாசியை விரித்து, விளக்கடித்துப் பார்த்தார். "உள்ள நேரா இருக்கும்மா. வழி நல்லாத் திறந்திருக்கு. நீங்கதான் மனசைப் போட்டு உழப்பிக்கிறீங்க."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். வளைந்த சுவர் உண்மையாகவே வளைந்துதான் இருந்தது. ஆனால் மூடிக்கொள்கிற இடத்தையே கருவியால் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தால், அது எப்படி மூடிக் காட்டும்?

மனசு என்று ஒருவர் சொல்லிவிட்டால் வீட்டிலும் பார்வை மாறிவிடும். அருள் பேச்சைக் குறைத்து என்னைப் பூப்போல நடத்த ஆரம்பித்தார். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்குப் பைத்தியமில்ல. மூக்கு ஒட்டுது. ஒட்டறதை நான் உணர்றேன். மெட்ராஸ்ல காட்டுவோம்," என்றேன். நான் பிடிவாதக்காரி என்பது ஊருக்கே தெரியும். இந்த வியாதிக்குப் பிடிவாதம் பாதி மருந்து.

சென்னை மருத்துவமனையின் தாழ்வாரத்தில் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பெண்பிள்ளைக்குத் துணையாக இருக்க அத்தையும் வந்திருந்தார். கூட்டம் நகரவில்லை. என் கை கன்னத்துக்குப் போனது.

"ஆஸ்பத்திரிக்கு வந்தும் இதே சோலியா? நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல! கைய எடு மொதல்ல!"

அத்தையின் குரல் வத்தலக்குண்டு சந்தைக்குப் பழகிய குரல். அந்த வழியாகப் போன காது மூக்கு டாக்டர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். கையை இறக்கப் போனவளிடம், "எடுக்காதீங்க. அப்படியே இருங்க," என்றார்.

டாக்டர் என் முன்னால் குனிந்தார்.

"எதுக்கு அங்க கை வைக்கறீங்க?"

"பழக்கம் டாக்டர்."

"உங்க விரல் கன்னத்தை வெளிப்பக்கமா லேசா இழுத்துப் பிடிச்சிருக்கு. இப்ப மூக்கால வேகமா இழுங்க."

காற்று தடையில்லாமல் உள்ளே போனது.

"கைய எடுத்துட்டு இழுங்க."

ஒட்டிக்கொண்டது.

"உங்க கை ரொம்ப நாளா வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கும்மா," என்றார்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, இத்தன வருசமா நாந்தானே எடு எடுன்னு சொன்னேன்."

"நீங்க சத்தம் போடலேன்னா நான் திரும்பியே பாத்திருக்க மாட்டேன்," என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் கடைசிவரை மறக்க மாட்டேன்.

வியாதிக்குப் பெயர் கிடைத்தது: நாசி வால்வு தளர்ச்சி. நாசி வால்வு (நாசித் துளைக்குச் சற்று உள்ளே, காற்றுப் பாதை மிகக் குறுகுகிற இடம்) அடிபட்டோ பிறவியிலோ பலவீனமாக இருந்தால், மூச்சை வேகமாக இழுக்கும்போது அதன் வெளிச்சுவர் உள்ளே மடங்கிவிடும். காகித ஸ்ட்ராவில் அவசரமாகக் கலர் குடித்தால் ஸ்ட்ரா சப்பையாகிப் போகிறதே, அதுதான்.

காதின் குழிவிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு (எலும்பைவிட மென்மையான, வளையக்கூடிய திசு) எடுத்து அந்தச் சுவருக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றார். கம்மல் போடுகிற இடத்துக்கு ஒன்றும் ஆகாது. பெரும்பாலும் பலன் தரும், முழு உத்தரவாதம் தர முடியாது. மூக்கு அந்தப் பக்கம் சற்று அகலமாகத் தெரியலாம்.

"நான் அழகுப் போட்டிக்குப் போகல டாக்டர். ஓடணும்," என்றேன்.

அறுவையைவிட அதற்குப் பிந்திய நாட்கள்தான் கடினம். பேக்கிங் (ரத்தம் கசியாமல் இருக்க மூக்கில் திணிக்கும் மருந்துத் துணி) இருக்கும்வரை வாயால்தான் மூச்சு. தண்ணீர் விழுங்குவதுகூட ஒரு வேலையாகிவிடும். அதை எடுத்ததும் காற்று கொட்டப் போகிறது என்று காத்திருந்தேன். கொட்டவில்லை. வீக்கத்தில் மூக்கு முன்னைவிட அடைத்துக் கிடந்தது. அன்றைக்கு மட்டும் தலையணையில் முகம் புதைத்து அழுதேன். வீக்கம் வடிய மாதங்கள் ஆகும், அதுவரை தீர்ப்பு எழுதாதீர்கள் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நல்ல செய்தி சத்தமில்லாமல் வந்தது. ஒரு காலை எழுந்தபோது நாக்கு ஈரமாக இருந்தது. எத்தனையோ வருடங்களாக வறண்ட வாயோடு எழுந்தவள், வாயை மூடியே தூங்கியிருக்கிறேன். அருளை எழுப்பிச் சொன்னேன். பாதித் தூக்கத்தில் அவர், "அதான் குறட்டையக் காணோம்னு பாத்தேன்," என்றார்.

ஓடலாம் என்று டாக்டர் அனுமதித்த பிறகு பிள்ளைகளோடு ஏரிப் பாதைக்குப் போனேன். பனி இன்னும் தண்ணீரைவிட்டு எழவில்லை. விசிலைக் கவ்வியபடி ஓடினேன். மூக்கில் ஒரு மாற்றத்தையும் நான் உணரவில்லை. மூச்சு என்று ஒன்று போய் வருவதே நினைவில் இல்லை. அதுதான் மாற்றம் என்பது பிறகுதான் உறைத்தது.

திடீரென்று பின்னால் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பேரி மரத்தடியில் பிள்ளைகள் ஒழுங்காக வரிசை கட்டி நின்றிருந்தார்கள். நான் மரத்தைத் தாண்டி ஏற்றத்தில் பாதி தூரம் வந்திருந்தேன்.

"டீச்சர்! மரம் வந்துருச்சு டீச்சர்! எங்க போறீங்க?"

வாயில் விசில் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. கன்னத்துக்கே போய்ப் பழகிய கையைத் தலைக்குமேல் தூக்கி, வாங்க வாங்க என்று ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. விசிலை எடுக்காமலே மேலே ஓடினேன்.