கடற்பக்கத்து அறை

நேற்று பக்கத்து வீட்டில் சாம்பிராணி போட்டார்கள். வாசம் வந்ததும் எனக்குச் சாமி நினைவு வரவில்லை, ரப்பர் நினைவுதான் வந்தது. சிரிக்காதீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ரப்பர் கிடங்கில் நான் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. அந்த ரப்பர் நாற்றத்தோடு டிராமில் ஏறினால் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. அந்த வசதியை வேறெந்த உத்தியோகமும் எனக்குத் தந்ததில்லை.

மழைக்காலத்தில் ரப்பர் ஷீட்டுகளில் பூஞ்சணம் பூக்கும். அதை ஆராய அருளப்பனை வைத்திருந்தார்கள். மதராசில் ரசாயனம் படித்தவர். கிடங்கின் கடற்பக்கம் முழுவதும் அவருடைய அறைதான். பூஞ்சணத்தை ஒழிப்பதைவிட, அது எப்படி உயிர் வாழ்கிறது என்று தெரிந்துகொள்வதில்தான் அவருக்கு ஆசை. மைக்ராஸ்கோப்பில் எனக்கும் ஒருநாள் காட்டினார். அழகாகத்தான் இருந்தது.

எஞ்சினியர் முத்தையா அண்ணனுக்கு அந்த அழகெல்லாம் ஆகாது. வெள்ளிக்கிழமைதோறும் ரப்பர் அழுத்தும் மெஷினுக்குச் சாம்பிராணி காட்டுவார். மெஷினருகே தொங்கும் ஷீட்டுகளில் மட்டும் பூஞ்சணம் இல்லை என்று கண்டவரும் அவரே.

"சாம்பிராணிப் புகைக்குன்னே ஒரு ரூம் கட்டிடலாம் லா."

"எதனாலன்னு தெரியாம கட்டாதீங்கண்ணே" என்றார் அருளப்பன்.

"பூஞ்சணம் நின்னா போதும் தம்பி. ஏன் நின்னுச்சுன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

நான் அண்ணன் கட்சி. சாமி கும்பிடுகிறவனுக்கு வேறு கட்சி ஏது?

அருளப்பன் விடவில்லை. கொஞ்சநாள் மெஷின் பக்கத்து ஜன்னலைச் சாத்திப் புகை போட்டார், பூஞ்சணம் வந்தது. பிறகு புகையில்லாமல் ஜன்னலை மட்டும் திறந்து வைத்தார், வரவில்லை. பூஜைப் புகை வெளியேறத் திறந்த ஜன்னலை நாங்கள் யாரும் திரும்பச் சாத்துவதில்லை, அவ்வளவுதான் ரகசியம். காற்றுதான் மருந்து.

அந்தக் கடற்காற்றை மறித்து நின்றது அவருடைய அறை. பெரிய துரையிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னார். அறையை இடிக்க உத்தரவு வந்தது.

"மாடிப்படிக்குக் கீழ ஒரு மூலை தர்றேன் தம்பி, போயிடாத" என்று கெஞ்சினார் முத்தையா அண்ணன்.

"அந்தத் தூசியில என்னத்தண்ணே பாக்குறது?"

அருளப்பன் ஊருக்குக் கப்பலேறினார். துறைமுகத்தில் நான் அழுதேன். சொல்வதில் வெட்கமில்லை.

காற்று நன்றாகத்தான் வந்தது. சில மழைக்காலங்கள் ஒரு ஷீட்டும் கெடவில்லை. பிறகு ஒரு வருஷம், அத்தனை காற்றிலும், செம்புள்ளி வைத்து வேறொரு பூஞ்சணம் வந்தது. முத்தையா அண்ணன் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏன் வருது?" என்று என்னைக் கேட்டார். நான் கிராணி, எனக்கென்ன தெரியும்? அண்ணன் போய்ச்சேர்ந்ததும் கிடங்கு மூடியதும் அதற்குப் பிறகுதான். அந்தக் கேள்விக்கென்றே இருந்த ஒருவரை நாங்கள் எப்போதோ கப்பலேற்றிவிட்டிருந்தோம்.