இறங்கிய முள்

2009-இல் கடலூரில் எனக்கு ரேடியேட்டர் பட்டறை இருந்தது. கப்பலில் எஞ்சின் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய என் மச்சான், மனைவியின் தம்பி, புவனகிரி சாலையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஒருவர் மட்டும் உட்காரும் விமானத்தைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பழைய கார் ஒன்றின் ரோட்டரி எஞ்சின். பயங்கரமாகச் சூடாகும். அதைக் குளிர்விக்கும் தண்ணீரை அழுத்தத்திலேயே வைத்திருந்தால்தான் கொதிக்காது.

"தண்ணி லைன் பூரா உங்க பொறுப்பு மாமா. நீங்க செஞ்சா ஒழுகாது" என்றான்.

அந்தப் பேச்சில் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அலுமினியக் குழாய்களை வளைத்துக் கொடுத்தேன். ரப்பர் ஹோஸ் நழுவாமலிருக்கக் குழாய் முனையில் சின்ன மேடு எழுப்ப வேண்டும். ஒரு முனையில் அதைச் செய்யாமல் விட்டேன். ஹோஸின் மேல் முடுக்கும் கிளிப்பே பிடித்துக்கொள்ளும் என்று நினைப்பு.

முதலில் குழாய்களுக்குள் கைப்பம்பால் காற்றடித்து, அழுத்தம் காட்டும் கேஜை அரை மணி நேரம் பார்க்கச் சொன்னான். முள் மெதுவாக இறங்கியது; எங்கோ கசிகிறது. கொட்டகையில் அவன் நண்பர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"நிக்குதா மாமா?"

"அசையல மச்சான்."

தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் இருக்கும். அவன் குனிந்து பார்த்த நேரத்தில் ஹோஸ் பிடுங்கிக்கொண்டது. கொதிநீர் அவன் வலது கையில் முழங்கை வரை கொட்டியது.

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். என் மனைவி அவனுக்குச் சோறு ஊட்டினாள். "கிளிப்ப நான்தான் சரியா முடுக்கல போலக்கா. மாமா வேலைல குத்தமில்ல" என்றான் அவன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதினோரு நாள் உண்மையைச் சொல்லாமலே இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் தனியாகப் போய்ச் சொன்னேன். "முள்ளு எறங்குச்சு மச்சான். பாத்துட்டுத்தான் அப்படிச் சொன்னேன்."

"எறங்குதுன்னு சொல்லியிருந்தா கழட்டி மாட்டியிருப்போம். அவ்ளோதானே மாமா?" என்றான்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பொங்கல், தீபாவளிக்கு முன்போலவே வீட்டுக்கு வந்தான். சிரித்துப் பேசினான். குழாய்களை மட்டும் பண்ணுருட்டியில் வேறொருவரிடம் கொடுத்துச் செய்தான். எஞ்சின் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியதாம். மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.