கடலைப் பார்த்து வைத்த ஸ்பீக்கர்

என் சித்தப்பா ஏசு சாமியைப் பற்றிப் பாட ஆரம்பித்தால் தெருநாய்கள் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். கேலிக்குச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன். பாம்பன் பக்கம் எங்கள் கடலோரத் தெருவில், வலை போட்டு வைக்கும் கொட்டகையில்தான் அவருடைய பேண்ட் பயிற்சி எடுக்கும். சித்தப்பாவும் ராமநாதபுரத்து நண்பர்கள் இருவரும். ஒரு கிடார், ஒரு டிரம்ஸ், என் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், மூவருக்கும் கறுப்பு பனியன், தோள்வரை முடி. இதற்கு மெட்டல் என்று பெயர் என்றார். "பேயோட்டுற பாட்டுன்னு நெனச்சேன், பேயே வந்து பாடுதே தம்பி" என்றாள் அம்மா. மாதா கோயில் பங்குச்சாமியாரும் திருவிழாவில் ஒரு பாட்டுக்குக்கூட இடம் தரவில்லை.

சித்தப்பா அசரவே மாட்டார். "சிலுவையில தொங்கயில ஏசு சாமி மெதுவாவா செபிச்சாரு? உசுரு போகக் கத்துனாருல்ல. வலிக்கிறவன் கத்தத்தான் செய்வான். சாமி அதையும் கேப்பாரு" என்பார். எங்கள் கரையில் அவர் அளவுக்கு விசுவாசம் உள்ள ஆளை நான் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. ராமநாதபுரத்தில் ஒரு சனிக்கிழமை அவர்களுக்கு முதல் மேடை கிடைத்தது. ஒரு பாட்டின் நடுவே நான் மூன்று தடவை "அல்லேலூயா" என்று கத்த வேண்டும். தொண்டை கட்டிப்போகும்வரை பழகியிருந்தேன். அதற்கு இரண்டு நாள் முன்பு அப்பாவின் காலில் கெளுத்தி மீன் முள் ஏறி, கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே விசைப்படகில்தான் முறை வைத்து வேலை. சனிக்கிழமை அப்பாவின் முறை. அவருக்குப் பதிலாகத் தான் போவதாகச் சித்தப்பா சொல்லி, நண்பர்களுக்குப் போன் போட்டு மேடை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

நான் விடவில்லை. சனிக்கிழமை காலை அம்மா கருவாட்டுக் கூடையோடு சந்தைக்குப் போனதும், அப்பாவின் மடியில் விழுந்து அழுதேன். "நீங்களே கடலுக்குப் போங்கப்பா, காலு சரியாயிருச்சுன்னு சொல்லுங்க." சித்தப்பா வாசலில் நின்று என்னை அதட்டினார். அப்பாவோ சிரித்தார். "புள்ள இப்படி அழுதா எப்புட்றா? நீ போயி சாமிக்குக் கத்து, நான் போறேன்" என்று நொண்டிக்கொண்டே கிளம்பிவிட்டார்.

சித்தப்பா நண்பர்களுக்கு மறுபடியும் போன் போட்டார். மேடையில் நான் நன்றாகவே கத்தினேன். கைதட்டினார்கள். அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அதைச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மற்றப் படகுகள் எல்லாம் திரும்பின. அப்பாவும் இன்னும் நான்கு பேரும் போன படகு திரும்பவில்லை. இரவில் பேய்க்காற்று அடித்தது, அதற்குப் பிறகு அந்தப் படகின் விளக்கைப் பார்க்கவில்லை என்றார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. படகு ஒன்று காணாமல் போனால் கரையில் எந்த ஸ்பீக்கரும் பாடாது. கோயிலில் ஜெபமாலைகூட மைக் இல்லாமல்தான். படகு கண்ணில் பட்டால்தான் கோயில் ஸ்பீக்கரைக் கடல் பக்கம் திருப்பி மாதா பாட்டுப் போடுவார்கள். அதைக் கேட்டால் பெண்கள் போட்டது போட்டபடி ஓடிவருவார்கள். இது எனக்கும் தெரியும். ஆனால் அது கோயில் ஸ்பீக்கருக்கு உள்ள சட்டம், சித்தப்பாவின் ஸ்பீக்கருக்கு இல்லை என்று நினைத்திருந்தேன்.

நான்காம் நாள் மத்தியானம் கொட்டகையில் சுருண்டு கிடந்த சித்தப்பாவிடம் போய், "ஒங்க சத்தம் ரொம்பத் தூரம் கேக்குமே சித்தப்பா, அப்பாவக் கூப்பிடுங்க" என்றேன். எழுந்து உட்கார்ந்தார். நான்கு நாளாகச் சாப்பிடாத மனுஷன். ஊர் வழக்கமெல்லாம் அவருக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? நண்பர்களை வரவழைத்து, ஸ்பீக்கர்களை மீன் வண்டியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோய்க் கடலைப் பார்த்து வைத்தார். ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பாடினார். முதலில் ஏசு சாமியைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் பாட்டு இருந்த இடம் தெரியவில்லை. "அண்ணே, அண்ணே" என்ற சத்தம் மட்டும்தான் வந்தது.

காற்றில் ஊருக்குள் பாட்டு புரியாது. ஸ்பீக்கர் பாடுகிறது என்பது மட்டும்தான் புரியும்.

முதலில் ஓடிவந்தது அம்மா. அப்பா கரையேறும்போதெல்லாம் கொண்டுவருவது போலவே, ஒரு கையில் காய்ந்த கைலி, இன்னொரு கையில் கட்டங்காப்பித் தூக்குவாளி. அவசரத்தில் தண்ணீரைக் கொதிக்கக்கூட வைக்கவில்லை. காப்பித்தூள் அப்படியே மேலே மிதந்தது. சிரித்துக்கொண்டே வந்தாள். பின்னால் மற்ற நான்கு வீட்டுப் பெண்களும் வந்தார்கள்.

"எங்கன தம்பி? எங்கன வருது?" என்று கடலைத் தேடினாள்.

சித்தப்பா மைக்கைக் கீழே போட்டுவிட்டு, "வரல மதினி" என்றார்.

பெண்கள் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா மட்டும் உட்காரவில்லை. சிரிப்பு போய்விட்ட முகத்தோடு, "காலு வீங்கிக் கெடந்த மனுசனக் கடலுக்குப் போகச் சொன்னது யாரு?" என்று கேட்டாள். நான்கு நாளாக அவள் கேட்காத கேள்வி அது.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"நாந்தான் மதினி" என்றார்.

படகும் வரவில்லை, அப்பாவும் வரவில்லை. அம்மா இன்றுவரை சித்தப்பாவின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் கேரளக் கரையில் யார் படகிலோ வேலை செய்கிறார். பாட்டை விட்டார், கோயிலையும் விட்டார். "கத்தியும் பாத்தாச்சுல்ல, ஆத்தா" என்று ஒருமுறை என்னிடம் போனில் சொன்னார். அம்மாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அன்று, பெரியவர்களும் பொய் சொல்வார்கள் என்பதைத்தான் தெரிந்துகொண்டேன். அது யாருக்காகச் சொன்ன பொய் என்று புரியவில்லை. இனி அம்மா என்னை அடிக்கமாட்டாள் என்ற நிம்மதியில் வீட்டுக்கு ஓடிவந்து, பசிக்கிறது என்று தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.