ஈரத்துணிக்குள் இரண்டணா

சாம்பாரும் காப்பியும் ஊறிய ஈரத்துணிக்கு ஒரு புளித்த வாடை உண்டு. தோளில் போட்டுக்கொண்டால் சட்டைக்குள் இறங்கிவிடும், குளித்தாலும் போகாது. இருபத்தோரு வயதில் என் மேல் எப்போதும் அந்த வாடைதான்...

நேற்று நம் குரூப்பில் டிப்ஸ் கொடுப்பது சரியா தப்பா என்று காரசாரமாகச் சண்டை போட்டீர்களே, படிக்கப் படிக்க அது மறுபடியும் மூக்கில் ஏறிவிட்டது. யாரிடமும் சொல்லாத ஒன்றை இன்று சொல்லிவிடுகிறேன்.

ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு காப்பி கிளப். அணாக் கணக்கு இருந்த காலம். நாங்கள் நாலு சப்ளையர்கள். மூன்று வேளைச் சாப்பாடு உண்டு. சம்பளம் என்று பேருக்கு ஏதோ கொடுப்பார் முதலாளி. கூடக் கேட்டால், மேஜை மேல் இனாம் கிடக்கிறதே, அதுதான் உங்கள் சம்பளம் என்பார்.

துறைமுகத்தில் கப்பல் நின்றால் மேஜையில் காசு கிடக்கும். கப்பல் இல்லாத வாரம் எச்சில் தட்டு மட்டும்தான்...

என் மனைவி பட்டம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். திருவொற்றியூரில் ஒண்டுக்குடித்தனம். ஒரு நாள் காலையில் அரிசிப் பானையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"நாளிக்கு இன்னா வரும்னு நீ சொல்லு, நான் உலை வெக்கிறேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளை பிறக்கிற வாரம் கப்பல் வராமல் போனால் என்ன செய்வது? டவரா கழுவும்போதும் அதே நினைப்புதான்.

எங்களில் மூத்தவர் கோவிந்தன் அண்ணன். அவரை முன்னால் விட்டுக்கொண்டு நாலு பேரும் போய் மாசச் சம்பளம் கேட்டோம். முதலாளி சிரித்தார். சம்பளமும் கேட்பீர்கள், இனாமையும் விட மாட்டீர்கள், உங்கள் கையைப் பற்றி எனக்குத் தெரியாதா என்றார். பிறகு ஒரு பந்தயம் போட்டார்.

"நாளைக்கு ஒரு நாள் பூரா இனாமைத் தொடாம இருங்க, மாசச் சம்பளம் போடறேன். ஒருத்தன் ஒரு காசு எடுத்தாலும் நாலு பேரும் இதைப் பத்தி மறுபடி வாயைத் திறக்கக் கூடாது."

இதில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். சப்ளையர் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. மேஜையைத் துடைக்கும்போதே காசையும் சேர்த்து வாரிவிடும். துணி ஒரு சுற்று, காசு துணிக்குள், துணி தோளுக்கு... கண் பார்க்கவே பார்க்காது. முதலாளி எங்கள் கையை நன்றாக அறிந்துதான் பந்தயம் போட்டிருந்தார்.

மறுநாள் காலையிலிருந்து காசைச் சுற்றிச் சுற்றித் துடைத்தோம். ரசம் கொட்டினால்கூடக் காசை விட்டுவிட்டு ஓரம்தான் துடைப்பது. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து எங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராவது எடுத்துப்போனாலும் பழி எங்கள் மேல் வருமே என்று, போகிற வருகிறவர்கள் கையையெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹார்பரில் மூட்டை தூக்குகிற ஒருவர் விஷயம் தெரியாமல் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா நைனா, காசு கீது, எட்த்துக்காம போற... கோச்சிகினியா?"

காதோடு சொன்னேன். அவர் காசைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, இன்னொரு காப்பி வாங்கிக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

பகல் கூட்டம் ஓய்ந்ததும் மற்ற மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஓடு ஒழுகுகிற மூலையில் ஒரு மேஜை. அதில் எங்களைத் தவிர யாரும் உட்கார மாட்டார்கள். அன்று பரிமாறுகிற முறை என்னுடையது. பரிமாறி முடித்து, அவர்கள் கை கழுவப் போனதும், அந்த மேஜையைத் துடைக்கத் துணியை இறக்கினேன். ஏதோ கெட்டியாகக் கையில் இடித்தது.

சதுர இரண்டணா.

எந்த மேஜையில் எடுத்தேன், எப்போது எடுத்தேன், ஒன்றும் தெரியவில்லை. சத்தியமாக நான் எடுக்கவில்லை, என் கை எடுத்திருந்தது. முதலாளி யாருக்கோ சில்லறை கொடுக்கத் திரும்பினார். படபடப்பில் காசை அப்படியே முன்னால் இருந்த மேஜையில் வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் மேஜையில் எங்களுக்கு யார் இனாம் வைப்பார்கள்? வேறு மேஜையில் எடுத்தது என்று பார்த்ததும் தெரிந்துவிடுமே. திரும்ப எடுக்கலாம் என்றால் முதலாளி பார்வை இந்தப் பக்கம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லை. நாலு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று நினைத்துக்கொண்டே காப்பி கொடுத்தேன்...

விளக்கு வைக்கிற நேரம். முதலாளி ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டே மூலைக்கு வந்து நின்றார்.

"இங்க யாருடா சாப்பிட்டது?"

கோவிந்தன் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"நான்தான் துன்னேன் மொதலாளி. இவன்தான் சோறு போட்டான். நல்லா போட்டான், இனாம் வெச்சேன்."

முதலாளி அந்தக் காசை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஒன்றாம் தேதியிலிருந்து சம்பளம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்ததா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்குக் கிளம்பும்போது அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அந்தத் துணிய நல்லா அலசிப் போடு."

சம்பளம் வந்தது. இனாமும் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதை நம்பி உலை வைக்க வேண்டியிருக்கவில்லை. பெரியவன் பிறந்த வாரம் ஒரு கப்பல்கூட வரவில்லை. வீட்டில் அரிசி இருந்தது. பட்டம்மாவிடம் சம்பளத்தைப் பற்றிச் சொன்னேன், துணியைப் பற்றிக் கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது பேத்தி போனில் சாப்பாடு வரவழைக்கிறாள். இருபதா முப்பதா என்று போனே டிப்ஸ் கேட்கிறது. கம்பெனிதான் சம்பளம் தர வேண்டும் என்று நீங்கள் சொல்வதும் சரி, பாவம் கொடுங்கள் என்பதும் சரி. நான் சண்டைக்கு வரவில்லை. போனில் போட்டால் சாப்பாடு கொண்டுவருகிற பையன் கைக்குப் போய்ச் சேருமா என்ற கவலையில், வாசலுக்குப் போய் நானே கொடுத்துவிடுகிறேன்.

பையன் "தேங்க்ஸ் தாத்தா" என்று சட்டென்று பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறான். யாராவது பார்த்துவிட்டார்களா என்று தெருவை இரண்டு பக்கமும் பார்ப்பது நான்தான்...