பெனடிக்ற் அண்ணையின் பக்கம்

செய்தி வந்தபோது பௌதிகத் துறை அறையில் இருந்தேன். கணினித் திரையில் சுருள் விண்மீன் மண்டலம் ஒன்று, தண்ணீரில் கரையும் பால் போல விரிந்து கிடந்தது. கைபேசியில் பெனடிக்ற் அண்ணையின் மனைவி றீற்றா அக்கா. “தங்கச்சி, இவர் விடிய எங்களை விட்டிட்டுப் போட்டார்.” ஆஸ்பத்திரியில் இருந்த மனிதர்தான். ஆனாலும் என் கண், எதிரே இருந்த அவருடைய கதிரையைத்தான் பார்த்தது.

பெனடிக்ற் அண்ணையை அறிந்த உங்களுக்கு எங்கள் சண்டையும் தெரிந்திருக்கும். ஒரே அறையில் இருந்து பௌதிகம் படிப்பித்தோம். ஒன்றில் மட்டும் ஒத்துப்போகவில்லை. இந்த மண்டலங்களின் விளிம்பில் விண்மீன்கள் இருக்கவேண்டியதைவிட வேகமாகச் சுற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது என்பேன் நான். அங்கே ஈர்ப்பு விதியே வேறு, அதைத் திருத்தினால் கரும்பொருளின் மதிப்பீடு பெருமளவு சுருங்கிவிடும் என்பார் அவர்.

ஒரு பின்னேரம் கொழும்புத்துறை இறங்குதுறையில் நின்றோம். கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடு அழிந்திருந்த நேரம். தூரத்தில் ஒரு வள்ளம் பாய் விரித்துப் போனது. கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை அவர், கையை நீட்டிச் சொன்னார்: “உந்த வள்ளம் காத்துக்கு மிஞ்சின வேகத்திலை போகுதெண்டு வையும். அடியிலை ஒரு நீரோட்டம் இருக்கெண்டுறீர் நீர். காத்தைப் பற்றி எங்களுக்கு இன்னும் வடிவாத் தெரியாதெண்டுறன் நான்.” வள்ளம் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அவருடைய விதிப்படி கணக்குப் பார்ப்பது நான். கரும்பொருள் கணக்கு அவருடையது. “தன்ரை பிள்ளையின்ரை பேப்பரைத் தானே திருத்தக் கூடாது” என்பார். ஒருமுறை அவருடைய விதி அச்சொட்டாகப் பொருந்தியது. கரும்பொருளுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. முகம் தொங்கிப்போய்க் காட்டினேன். துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், “தூரத்தைச் சரியாப் போட்டனீரோ? இன்னொருக்காப் பாரும்” என்றார். இன்னொரு மண்டலத்தில் என் பக்கம் வென்றபோது அவரே ஓடிவந்தார். “உம்மடை இருட்டு வெண்டிட்டுது, வாரும், ரீ குடிப்பம்!” தோற்ற மனிதருக்கு அவ்வளவு சந்தோசம். எனக்குக் கோபம்கூட வந்தது.

திரையில் இருந்த அந்த மண்டலம்தான் எங்கள் கடைசி வேலை. என் பங்கு முடிந்திருந்தது. அவருடைய பங்கான கரும்பொருள் கணக்குப் பாதியில் நிற்கிறது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, றீற்றா அக்கா என் கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார்.

“வீட்டிலையும் உந்த விதியைப் பற்றித்தானே கதைச்சுக்கொண்டிருந்தவர். உண்மையைச் சொல்லும் தங்கச்சி, அவர் சொன்னது சரியோ?”

‘ஓம்’ என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்துக்கு அதைக் கொடுக்க எவ்வளவு ஆசைப்பட்டேன்! ஆனால் தூரத்தை இன்னொருக்காப் பார்க்கச் சொன்ன குரல் காதுக்குள் நின்றது.

“இன்னும் தெரியேல்லை அக்கா.”

அவர் என் கையை விடவில்லை. மெல்லச் சிரித்தார். “அப்ப முடிஞ்சுபோகேல்லை. நீர் விடாமல் பாரும்.”

பார்க்கிறேன். எங்கள் வழக்கப்படி அவருடைய பக்கம் எப்போதும் என் கையில்தான் இருந்தது. அது பத்திரமாக இருக்கிறது. என்னுடைய பக்கத்தைப் பார்க்கத்தான் இப்போது ஆளில்லை.